புரட்டாசியில் வந்த மீன் லோரி

புரட்டாசி பிறந்தால் ஷாமளா டீச்சர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி காலியாகிவிடும். மீன், கோழி எல்லாம் முதல் நாளே வெளியேறி, பெட்டி வெந்நீரும் எலுமிச்சையும் போட்டுக் கழுவப்படும். அவர் கணவர் கார்த்திகேசு அதைத் துக்க வீட்டில் நிற்பவர் போலப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் சரஸ்வதி பூசைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கையில் பின்னறை திறக்கும். ஏழு அலமாரி, ஆயிரத்து நூற்று நாற்பது புத்தகம். எல்லாம் இறங்கி, துடைக்கப்பட்டு, மறுபடியும் ஏறும். அதற்குள் வீட்டில் மூன்று பேருக்கும் இடுப்பு ஒடிந்துவிடும்.

இந்த வருடம் மகள் கங்கா முணுமுணுக்காமல் துணியை எடுத்துக்கொண்டாள். அம்மாவை நல்ல மனநிலையில் வைத்திருக்க வேண்டிய தேவை அவளுக்கு இருந்தது.

கங்காவுக்கு முப்பது வயது. ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. வாரம் முழுவதும் அங்கே வாடகை அறையில் இருந்துவிட்டு, சனி ஞாயிறு கோலசிலாங்கூர் வீட்டுக்கு வருவாள். அந்தத் தொழிற்சாலைக் கேண்டீனுக்கு மீன் கொண்டுவரும் செல்வாவை இரண்டு வருடமாகக் காதலிக்கிறாள். சுங்கை செம்பிலாங்கில் படகு வந்ததும் மீன் எடுத்து, குளிர்பெட்டி லோரியில் ஊர் ஊராகப் போட்டுவருகிறவன் அவன். பெண் கேட்டு வர அவன் அம்மா தயாராக இருந்தார். ஆனால் எத்தனை நாள் காத்திருப்பது என்று, சுங்கை ஆயர் தாவாரில் வேறொரு பெண்ணையும் பார்த்து வைத்துவிட்டார். தீபாவளிக்குள் டீச்சரிடமிருந்து பதில் வர வேண்டும்.

டீச்சரின் பதில் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும்.

"மீன் விக்கிறான்னு நான் சொல்லல. உழைச்சுச் சாப்பிடறதுல என்னா கேவலம்? ஆனா அவன் ஐந்தாம் ஆண்டுல என்கிட்ட படிச்சவன். நூலக நேரம் வந்தா புத்தகத்த முகத்து மேல கவுத்துப் போட்டுத் தூங்குவான். இந்த வீட்டுக்கு வந்து என்னா செய்யப் போறான்?"

"இப்பல்லாம் தூங்க மாட்டாரும்மா."

"அப்போ படிப்பானா?"

கங்காவால் எவ்வளவோ பொய் சொல்ல முடியும். இதைச் சொல்ல முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, மூன்றாவது அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்த டீச்சரிடமிருந்து ஓர் அலறல் வந்தது. பாம்பாக இருக்குமோ என்று கார்த்திகேசு துடைப்பத்தோடு ஓடினார். பாம்பாக இருந்திருந்தால் டீச்சர் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். கையிலிருந்த புத்தகத்திலிருந்து வெள்ளி நிறத்தில், மீசை வைத்த பூச்சி ஒன்று இறங்கி, எந்த அவசரமும் இல்லாமல் அடுத்த புத்தகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பின்னால் அதன் குடும்பம்.

"ராமபாணப் பூச்சி!" என்றார் டீச்சர்.

"பெருமாள் மாசமாச்சே, ராமபாணம் வராம இருக்குமா?" என்றார் கார்த்திகேசு.

டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். துடைப்பம் தானாகக் கீழே இறங்கியது.

ஏழு அலமாரியிலும் பூச்சி இருந்தது. அட்டைகள் அரிக்கப்பட்டிருந்தன. மூலைக்கு மூலை போட்டிருந்த பாச்சை உருண்டைகளுக்கு நடுவே அவை பந்து விளையாடுவது போல ஓடின. வெயிலில் காயப்போடலாம் என்றால், தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மருந்து அடிக்கலாம் என்று கார்த்திகேசு சொன்னதற்கு, "முதல்ல உங்க மேல அடிச்சுப் பாக்கலாம்" என்று பதில் வந்தது.

கங்கா கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள். "உறைய வைக்கணும்மா. காத்துப் போகாத பையில கட்டி, மைனஸ் இருபது டிகிரியில நாலஞ்சு நாள். பூச்சி, முட்டை எல்லாம் செத்துடும். புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகாது."

வீட்டில்தான் குளிர்பெட்டி காலியாக இருக்கிறதே! மூவரும் உற்சாகமாக அடுக்கிப் பார்த்தார்கள். மேல் தட்டில் பதினான்கு புத்தகம் கொண்டது. பதினைந்தாவதாக ஓர் அகராதி உள்ளே போக மறுத்தது.

கார்த்திகேசு விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "ஒரு தடவைக்குப் பதினாலு. தடவைக்கு நாலு நாள்னா... ஷாமளா, அடுத்த புரட்டாசி வந்திடும்மா. நடுவுல நமக்கு ஐஸ் தண்ணிகூட கிடைக்காது."

அப்போதுதான் கங்கா அந்தப் பெயரைச் சொன்னாள். "செல்வாகிட்ட ரெண்டு பெரிய குளிர்பெட்டி இருக்குதும்மா. நம்ம ஆளுங்க யாரும் இப்போ மீன் வாங்கறதில்ல. அதனால ஒண்ணு சும்மாதான் கிடக்குது."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மீன் பெட்டியிலயா?" என்றார். சற்றுப் பொறுத்து, "சரஸ்வதியவா?" என்றார். இன்னும் சற்றுப் பொறுத்து, "புரட்டாசியிலயா?" என்றார்.

முடியவே முடியாது என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். ஆறுதலுக்குப் படிக்கலாமென்று ஒரு புத்தகத்தைத் திறந்தார். தலைப்புப் பக்கத்திலிருந்து ஒரு ராமபாணம் எட்டிப் பார்த்தது. தேநீர் ஆறிப்போனது.

"அவன வரச் சொல்லு," என்றார் டீச்சர், சுவரைப் பார்த்தபடி. "ஆனா இதுக்கும் மத்ததுக்கும் சம்பந்தம் இல்ல. சொல்லிட்டேன்."

ஞாயிறு காலை செல்வா வந்தான். அவன் லோரியின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்பு மீன் சிரித்துக்கொண்டிருந்தது. அது டீச்சர் வீட்டு வாசலில் நின்ற மறு நிமிடமே, பக்கத்து வீட்டு பிரமிளா செடிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்த செடி அது.

"என்னா டீச்சர், புரட்டாசியில மீன் லோரி?"

"புத்தகம், பிரமிளா. புத்தகத்த ஐஸ்ல வைக்கப் போறோம்."

பிரமிளா தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் நம்பிக்கையின் சாயல்கூட இல்லை. பத்து நிமிடத்தில் குடியிருப்பு வாட்சப் குழுவில், டீச்சர் வீட்டில் முப்பது பெட்டி மீன் இறங்குவதாகச் செய்தி வந்தது. பெட்டிகள் வீட்டிலிருந்து லோரிக்குத்தான் போகின்றன என்று கார்த்திகேசு விளக்கம் போட்டார். 'அவ்வளவு மீனை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள் சார்?' என்று யாரோ கேட்டார்கள்.

செல்வா குளிர்பெட்டியையும் லோரியையும் மூன்று முறை கொதிநீரில் கழுவி, இரவு முழுக்கத் தட்டுத் தட்டாகக் காப்பித்தூள் வைத்து வாடையை எடுத்திருந்தான். டீச்சர் லோரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அவன் வேலை செய்த விதத்தைக் கங்கா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தட்டையும் முதலில் படம் பிடித்தான். புத்தகங்களை அதே வரிசையில் எடுத்து, இரட்டைப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப் ஒட்டினான். வயதான புத்தகங்களை, வயிறு கிழியக்கூடாத மீனைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அடியில் ஏந்தித் தூக்கினான். எல்லாம் நன்றாகத்தான் போனது, டீச்சர் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த தாளைப் படிக்கும் வரை.

"டேய் செல்வா! என்னாடா இது? நாவல் மேல 'கெம்போங்'னு ஒட்டியிருக்க?"

"அலமாரிக்கு ஒரு மீன் டீச்சர். என் ஆளுங்களுக்கு மீன் பேரு தப்பவே தப்பாது. இலக்கணம், இலக்கியம்னு எழுதினா ரெண்டையும் கலந்துடுவாங்க."

"கவிதை?"

"செனாங்கின், டீச்சர். ஒல்லியா இருந்திச்சு."

"அகராதி?"

"பாரி. அகலமா, கனமா..."

டீச்சர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "பக்தி இலக்கியம்?"

செல்வா கங்காவைப் பார்த்தான். கங்கா விட்டத்தைப் பார்த்தாள்.

"சோத்தோங்," என்றான் மெல்ல. "வேற ஸ்டிக்கர் முடிஞ்சுபோச்சு டீச்சர், கணவாய்தான் மிச்சம் இருந்திச்சு."

கார்த்திகேசுவுக்கு அப்போது வந்த இருமல் வெகு நேரம் நிற்கவில்லை.

அந்த வாரம் டீச்சருக்கு வீடே வெறிச்சோடிப் போனது. அலமாரிகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். குளியலறைச் சுவரோடு ஒட்டி நின்றதால்தான் ஈரம் ஏறியது என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் கார்த்திகேசுவைக் கொண்டு ஒரு சாண் முன்னால் நகர்த்தினார். தட்டுக்குத் தட்டு வசம்பு முடிச்சுக் கட்டி வைத்தார். வேலை முடிந்ததும் செல்வாவுக்குப் போன் செய்தார். அதன்பின் தினமும் செய்தார்.

"இன்னிக்கும் கேட்டாங்க, எப்படி இருக்குன்னு," என்று செல்வா ரவாங்கிலிருந்த கங்காவிடம் சொன்னான். "ஆஸ்பத்திரியில ஆளு இருக்கிற மாதிரி. நல்லா இருக்கு டீச்சர், அசையாம இருக்குன்னு சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"இல்ல. கதவ அடிக்கடி திறக்காதேன்னாங்க."

அடுத்த சனிக்கிழமை காலை முப்பது பெட்டியும் பத்திரமாகத் திரும்பி, மீன் வாரியாகப் பின்னறையில் அடுக்கப்பட்டன. போகும்போது செல்வா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னான்.

"நாளைக்குக் காலை வரைக்கும் பைய பிரிக்கக் கூடாது டீச்சர். இப்போ உள்ள கல்லு மாதிரி குளிரா இருக்கும். நம்ம ஊரு காத்து பட்டா வேர்த்துக் கொட்டிடும்."

"முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தினவகிட்ட பாடம் நடத்தாதடா. போ."

மத்தியானம் கங்காவும் கார்த்திகேசுவும் பூசைக்குத் தேவையானதை வாங்கக் கடைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது பின்னறையிலிருந்து தலைமுடி உலர்த்தும் கருவியின் சத்தம் கேட்டது. அம்மா பகலில் தலை குளிக்க மாட்டாரே என்று கங்கா கதவைத் திறந்தாள்.

டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சோத்தோங் பெட்டி திறந்து கிடந்தது. மடியில் கையால் தைத்த ஒரு தடித்த கட்டு. அதன் தாள்களெல்லாம் ஐஸ் போட்ட தே ஓ தேநீர்க் கிளாஸைப் போல முத்து முத்தாக வேர்த்திருந்தன. டீச்சர் துண்டால் துடைத்ததில் மேலட்டைப் படத்தின் சிவப்பு, கதாநாயகியின் உதட்டிலிருந்து கழுத்து வரை இறங்கியிருந்தது.

"மீன் வாடை அடிக்குதான்னு பாத்தேன்," என்றார் டீச்சர். "அடிக்கல."

கங்கா அந்தக் கட்டை எட்டிப் பார்த்தாள். பக்தி இலக்கிய அலமாரியில் இதுவரை அவள் கண்ணில் படாதது அது. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் அறுபத்திரண்டு வாரம் வந்த காதல் தொடர். வாரா வாரம் வெட்டி, வரிசையாக வைத்து, சணல் நூலில் தைத்தது. ஷாமளா டீச்சர்! வகுப்பில் காதல் கதை வைத்திருந்த பிள்ளைகளை மேசை மேல் ஏற்றி நிற்க வைத்தவர்!

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது," என்றார் டீச்சர். "சத்தியம் பண்ணு."

கங்கா சத்தியம் செய்தாள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று மறுநாள் காலை தெரிந்தது.

ஞாயிறன்று காலிப் பெட்டிகளை எடுக்க செல்வா வந்தான். புத்தகங்கள் ஒவ்வொன்றாக உலர்ந்து, திடமாக, ஒரு பூச்சிகூட உயிரோடு இல்லாமல் வெளியே வந்தன. அவன் கடைசி சோத்தோங் பெட்டிக்குப் போனான். அதற்கு முன்னால் டீச்சர் போய் நின்றுகொண்டார். அவர் கையில் அந்தக் கட்டு, இரவெல்லாம் வெப்பக் காற்றில் வாட்டப்பட்டு அப்பளம் போல நெளிந்து, உள்ளே ஈரம் காயாமல் தாளோடு தாள் ஒட்டி இருந்தது.

"இதப் பாரு. உன் பெட்டி ஒழுகியிருக்கு," என்றார் டீச்சர்.

கங்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சொன்ன பிறகு அம்மாவின் காது மடல் சிவந்ததைப் பார்த்தால், பழக்கமில்லாத வேலை என்று தெரிந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. புத்தகத்தைப் பாழாக்கியவனுக்கு இந்த வீட்டில் பெண் ஏது? சத்தியமாவது மண்ணாவது என்று கங்கா வாயைத் திறந்தாள்.

செல்வா குனிந்து பையைத் தூக்கிப் பார்த்தான். டேப் கத்தரிக்கோலால் நேர்கோட்டில் வெட்டப்பட்டிருந்தது. அவன் கங்காவைப் பார்த்து இலேசாகத் தலையை ஆட்டினான். வேண்டாம்.

"இருக்கலாம் டீச்சர்," என்றான். "ஒரு தடவை நானே எல்லாத்தையும் தொட்டுப் பாத்திருக்கணும். கொடுங்க, இன்னும் கெட்டுப் போகல. ஆனா சூடு காட்டாதீங்க. மெல்லிசுத் தாள் இருக்குதா? எழுதாத, அச்சடிக்காத தாளு."

சாப்பாட்டு மேசை காலி செய்யப்பட்டது. டீச்சர் தடுப்பதற்குள் அவன் சணல் நூலை நறுக்காமல் முடிச்சவிழ்த்து, வாரம் வாரமாகப் பிரித்தான். ஒட்டிய தாளை இழுக்காமல், கருவாட்டைத் தட்டியிலிருந்து எடுப்பது போல ஓரத்திலிருந்து ஊதி ஊதிப் பிரித்தான். ஒவ்வொரு தாளுக்கும் நடுவே உலர்ந்த தாள் வைத்து, மேலே பலகை போட்டு, பலகை மேல் அகராதியை ஏற்றினான். மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டான். அரை மணிக்கு ஒரு தடவை ஈரத்தாளை உருவி, புதுத்தாள் வைக்க வேண்டும். மீன் வியாபாரத்தில் ஞாயிறு காலையை விட்டுவிடுவது என்றால் சும்மா இல்லை. அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பத்து மணிக்கு ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்கு, இருபதாவது வாரத்தைப் பிரிக்கும்போது, செல்வா படத்தைப் பார்த்துக் கேட்டான்.

"இந்தப் பொண்ணு ஏன் டீச்சர் எல்லா வாரமும் அழுவுது?"

"உனக்கென்னா? தாள மாத்து."

"இல்ல, எட்டாவது வாரம் சிரிச்சிச்சு. அதான் கேட்டேன்."

நாற்பது வருடமாக அந்தக் கதையைப் பற்றி டீச்சரிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

"அவ ஒருத்தன விரும்புறா," என்று ஆரம்பித்தார். "பெரிய வீட்டுப் பொண்ணு. அவன் ஆத்துல பெராகுப் படகு ஓட்டுறவன். நல்லவன். மழை வெள்ளத்துல ஊரையே கரை சேர்த்தவன். ஆனா ஒண்ணும் நடக்கல. கடைசி வாரத்துல, தலை நரைச்ச பிறகு, ரயில் நிலையத்துல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறாங்க. அவ்வளவுதான். நான் மூணு நாள் சாப்பிடல."

"அலமாக்! ஏன் டீச்சர், யாரு தடுத்தாங்க?"

"யாரு தடுப்பா? அவ அம்மாதான்! பிடிவாதம் புடிச்ச பொம்பள. காரணம் கேட்டா ஒரு காரணம் கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்துல பத்திரிகைக்கே கடிதம் போட்டேன், அந்த அம்மாவ அடுத்த வாரமே லோரி ஏத்திக் கொன்னுடுங்கன்னு."

கங்கா கையிலிருந்த தாளைக் கீழே வைக்க மறந்துபோனாள்.

"போட்டாங்களா?" என்று கேட்டார் கார்த்திகேசு, எங்கோ பார்த்தபடி.

"என்னாத்த?"

"கடிதத்த."

டீச்சர் ஈரத்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். காது மடல் இரண்டும் சிவந்தன.

"செல்வா."

"டீச்சர்?"

"உன் பெட்டி ஒழுகல. நான்தான் நேத்து பிரிச்சேன்."

"தெரியும் டீச்சர். டேப் வெட்டியிருந்திச்சு."

"தெரிஞ்சும் ஏன்டா வாய மூடிக்கிட்டு இருந்த?"

செல்வா இருபத்தொன்றாவது வாரத்தை ஒளியில் பிடித்துப் பார்த்தான். "மீன் கீழ கொட்டிட்டா முதல்ல ஐஸ் போடணும் டீச்சர். யாரு கொட்டினாங்கன்னு கேட்டுக்கிட்டு நின்னா அதுக்குள்ள கெட்டுடும். அதான்."

டீச்சர் எழுந்து அடுக்களைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகு நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவி, திருநீறு வைத்து, கையில் நாலு கிளாஸ் தேநீரோடு வந்தார். முதல் கிளாஸைச் செல்வாவின் முன் வைத்தார்.

"நீ இன்னும் புத்தகம் படிக்கறதில்ல. அப்படித்தானே?"

கங்கா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். பயனில்லை.

"இல்ல டீச்சர். நாலு வரி படிச்சா தூக்கம் வந்துடுது. இந்தக் கதை நீங்க சொன்னதால தெரிஞ்சிச்சு."

"பொய் சொல்லத் தெரியுதான்னு பாத்தேன். எனக்கே வரல, உனக்கெங்க வரப்போகுது." டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க அம்மாவுக்கு இன்னிக்கே போன் போட்டுச் சொல்லு. ஐப்பசி பிறந்ததும் நல்ல நாள் பாத்துத் தட்டு எடுத்துக்கிட்டு வரட்டும். சுங்கை ஆயர் தாவாருக்கெல்லாம் அலைய வேணாம்."

கங்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. கார்த்திகேசு அவள் தலையைத் தொட்டார். செல்வா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு விறைப்பாக எழுந்து நின்றான், பள்ளியில் பெயர் கூப்பிட்டது போல.

"நன்றி டீச்சர்!"

"இன்னும் என்னா டீச்சர்? அத்தைன்னு கூப்பிட்டுப் பழகு."

செல்வா வாயைத் திறந்தான். மூடினான். கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தடவை முயன்றான். "சரிங்க அத்... அத்தை டீச்சர்."

"போதும், உக்காரு," என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இருபத்திரண்டாவது வாரம் இன்னும் ஈரமா இருக்கு. அதுலதான் அவன் முதல் முதலா அவ வீட்டுக்கு வர்றான். பாத்துப் பிரி."